கறை இல்லாத வாசல்

நீ ரோட்டப் பாத்து ஓட்டுய்யா. நான் சத்தமாப் பேசுறேன்னு திரும்பித் திரும்பிப் பாக்காத. எனக்குப் பேச்சே இப்பிடித்தான், கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. நமக்கு நடுவுல குத்துவெளக்க மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்துருக்காகளே எங்க வீட்டுக்காரவுக, இவுககூடத்தான் நான் பேசல. இன்னிக்கும் பேச மாட்டேன், நாளைக்கும் பேச மாட்டேன். அதனால எல்லாத்தையும் உங்கிட்டத்தான் பேசியாகணும். பேரு என்ன சொன்ன? ஜெபஸ்டினா? கோவில்பட்டி வரைக்கும் கேட்டுக்கிட்டே வா ஜெபஸ்டின். கேட்டுட்டு நீயே ஞாயம் சொல்லு.

கண்ணாடியில பின்னால பாரு. உன் ரெக்கவரி வண்டி முதுகுல ஏறி நிக்குதே, பெயிண்டு பொரிஞ்ச பழைய வெள்ளக் காரு, அது என் காரு. இவுக காரு இல்ல. இவுகளுக்கு சைக்கிளுக்கு மேல எதுவும் ஓட்டத் தெரியாது. என் பேருல வாங்கி, நான் லைசென்சு எடுத்து, நான் ஓட்டுற காரு. கிளட்சு கெடையாது, கியர் தானா மாறிக்கிடும். எனக்கு எடது காலு சின்னதுலயே போலியோவுல சூம்பிப் போச்சு, ஏத்தி விடும்போது நீயே பாத்த. அந்தக் காருக்கு வலது காலு ஒண்ணு போதும். அதுக்காகவே ஊர் ஊராத் தேடி வாங்குனது.

அது வர்றதுக்கு முன்னாடி என் பொழப்பு என்ன தெரியுமா? பஸ்சுல ஏறணும்னா ஒருத்தன் கையப் புடிச்சு மேல இழுப்பான், ஒருத்தி பின்னால இருந்து தள்ளுவா, கண்டக்டர் "பாத்து, பாத்து ஏத்தி விடுங்க"ன்னு கத்துவாரு. மொத்த பஸ்சும் என்னையத் திரும்பிப் பாத்து உச்சுக் கொட்டும். அந்த உச்சுச் சத்தம் இன்னிக்கும் எனக்கு ஆகாது. நான் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிற கடை வச்சிருக்கேன் தம்பி. அஞ்சாறு பிள்ளைக என்கிட்ட வேலை பாக்குது. ஊர் ஊரா பள்ளிக்கூடத்துக்குப் போயி அளவெடுக்கிறதும் நான்தான், தச்சதக் கொண்டு போயிக் குடுக்கிறதும் நான்தான். துணி மூட்டைய டிக்கியில போட்டு, நான் பாட்டுக்கு ஏறி சாவியத் திருப்புனா எவன் உச்சுக் கொட்டுவான்? கார்ல ஒக்காந்துட்டா எனக்கு ரெண்டு காலும் இருக்கு. அது நின்னு போச்சுன்னா நான் மறுபடியும் பஸ்சு படியில. விஷயம் அவ்வளவுதான். இத மனசுல வச்சுக்கிட்டு மேல கேளு.

போன ஆடியில ஆரம்பிச்சது இந்தச் சனியன். காலைல காரை எடுத்து கியர டிரைவுல போட்டா உடனே நகரணும்ல? நகராது. நம்ம ரேஷன் கடை ஆள் மாதிரி கொஞ்ச நேரம் யோசிக்கும். அப்புறம் பின்னால எவனோ எத்துன மாதிரி படக்குன்னு கெளம்பும். சரி, வயசாச்சு, காலைல அப்பிடித்தான் இருக்கும்னு விட்டேன். ஒருநா ரயில்வே பாலத்துல ஏறும்போது இஞ்சின் மட்டும் கத்துது, காரு ஏற மாட்டேங்குது. எனக்குப் பின்னால வரிசையா வண்டி. ஒரு லாரிக்காரன் தலைய வெளிய நீட்டி "பொம்பளைக்கு எதுக்கு காரு"ங்கான். டக்குன்னு எறங்க முடிஞ்சிருந்தா அவன் சட்டையப் புடிச்சிருப்பேன். காலு இப்பிடி ஆனது அவன் செஞ்ச புண்ணியம்.

நேரா பவுன்ராஜ் பட்டறைக்குக் கொண்டு போனேன். எட்டயபுரம் ரோட்டுல வச்சிருக்கான், ரொம்ப வருசமா அவன்தான் என் காரைப் பாக்கான். எண்ணெய் அளவு பாக்குற கம்பிய உருவிப் பாத்துட்டு, "கியர்பாக்சு எண்ணெய் கொறஞ்சு கெடக்குக்கா. இந்த எண்ணெய் எரிஞ்சு தீர்ற எண்ணெய் இல்ல. கொறையுதுன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்"னான். ஊத்தி விட்டான். காரு பழையபடி பறந்துச்சு. கொஞ்ச நாள்தான். திரும்பியும் அதே யோசன, திரும்பியும் அதே எத்து.

மறுபடியும் போனேன். குழியில எறங்கி, அண்ணாந்து டார்ச்ச அடிச்சுப் பாத்தான். அடிப்பாகம் பூராவும் எண்ணெயும் புழுதியும் சேந்து சேறா அப்பிக் கெடக்கு. "ஓடும்போது காத்துல பின்னால பரவிருதுக்கா. எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு புடிபடல. ரேடியேட்டர் தண்ணியில கலக்குதான்னும் பாத்துட்டேன், தண்ணி சுத்தமா இருக்கு"ன்னான். அப்புறம் கேட்டான் ஒரு கேள்வி. "வீட்டுல நிறுத்துற எடத்துல செவப்பா கறை கெடக்கா? முன்னால கெடக்கா, நடுவுல கெடக்கான்னு மட்டும் சொல்லுங்க, பாதி வேல முடிஞ்சுது."

கறையாவது மண்ணாவது. என் வாசல வந்து பாருடான்னேன். எங்க தெரு இன்னும் மண் தெருதான். கேட்டுக்கு வெளிய தகரம் போட்டு அதுக்கடியிலதான் காரு நிக்கும், மூக்கு தெருவப் பாத்தபடி. எனக்குக் குனிஞ்சு நிமிர முடியாதுங்கிறதால கல்யாணமான நாள்ல இருந்து வாசல் தெளிக்கிறது இவுகதான். ஆம்பள வாசல் தெளிக்கிறதப் பாத்தா தெரு சிரிக்கும்னு, தெரு முழிக்கிறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, காரு மூக்குக்கு அடி வரைக்கும் கூட்டிப் பெருக்கி, சாணி தெளிச்சு, நாலு புள்ளி வச்சு ஒரு கோலமும் போட்டுட்டு வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி பேப்பர் படிப்பாக. நான் எந்திரிச்சு வந்து பாக்கும்போது வாசல் அப்பிடியே மொழுகி வச்ச மாதிரி இருக்கும். ஒரு சொட்டுக் கறை கெடையாது. அதத்தான் பவுன்ராஜுகிட்ட சொன்னேன். உள்ளதத்தான் சொன்னேன்.

அவன் தலையச் சொரிஞ்சான். காரை அடியில டீசல் விட்டுக் கழுவித் தொடச்சு விட்டான். "ராத்திரி நிறுத்தும்போது காருக்கடியில ஒரு வெள்ள வேட்டிய விரிச்சு வைங்க. காலைல அத அப்பிடியே சுருட்டாமக் கொண்டாங்க. சொட்டு எங்க விழுந்துருக்குன்னு பாத்தா ஓட்டை எங்க இருக்குன்னு சொல்லிருவேன்"னான். நல்ல யோசனதான். நான் இவுக பழைய வேட்டி ஒண்ண எடுத்து விரிச்சேன். "எதுக்கு என் வேட்டி"ன்னு இவுக கேட்டாக. "உங்களுக்குச் சொன்னா புரியவா போகுது, போயித் தூங்குங்க"ன்னேன். காரைப் பத்தி இவுகளுக்கு என்ன தெரியும்? இவுக பேரு கோமதிநாயகம், நூல் மில்லு ஆபீசுல பேனாவப் புடிச்சு ரிட்டயரான ஆளு, அவ்வளவுதான்.

காலைல போயிப் பாக்கேன், வேட்டி பால் மாதிரி வெளுத்துக் கெடக்கு!

ஒரு சொட்டு இல்ல தம்பி. ஒரு புள்ளி இல்ல. அதத் தூக்கிக்கிட்டு பவுன்ராஜுகிட்ட போனா, அவன் வேட்டியத் திருப்பித் திருப்பிப் பாக்கான். கம்பிய உருவுறான், எண்ணெய் கொறஞ்சிருக்கு. திரும்ப வேட்டியப் பாக்கான். அப்புறம் மெதுவா கேக்கான், "அக்கா, வீட்டுல யாராவது தொடச்சு வைக்காகளா?"

எனக்கு வந்துச்சு பாரு. என்ன கேள்வி இது? என் வீட்டுல யாரு இருக்கா? நானும் இந்த வாயில்லாத மனுசனும். அப்ப நான் பொய் சொல்லுறேன்னு சொல்லுதானா? எனக்குக் கோவமே வராது ஜெபஸ்டின், வர வைக்காக. "நீ எண்ணெயே ஊத்தாம ஊத்துனேன்னு சொல்லி ஏமாத்துறியோ, யாரு கண்டா"ன்னு கேட்டுட்டேன். பட்டறை வாசல்ல வச்சுத்தான் கேட்டேன். டீக்கடையில இருந்த ஆளுகெல்லாம் எந்திரிச்சு வந்துட்டாக. அவன் ஒரு வார்த்த திருப்பிப் பேசல. கையத் தொடச்சுக்கிட்டே உள்ள போயிட்டான். குத்தம் இல்லாதவனா இருந்தா திருப்பிப் பேசியிருப்பான்ல? அப்ப நான் அப்பிடித்தான் நெனச்சேன்.

அப்புறம் திருநவேலியில ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பு. கண்ணாடிக் கதவு, ஏசி, டை கட்டுன பய. நான் காரை ஓட்டிக்கிட்டு உள்ள போறேன், எறங்குறேன், சாவியக் குடுக்கேன், அவன் எனக்குப் பின்னால எட்டிப் பாத்து "சார் வரலையா மேடம்"ங்கான். எந்த சாரு? இந்த சாருக்கு பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாதுடா! சாயங்காலம் வந்து சொல்லுதான், "வெளிய கறை இல்லைன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப கியர்பாக்சுக்கு உள்ளதான் கோளாறு. முழுசா எறக்கிப் பிரிக்கணும். பழைய மாடல், சாமான் கெடைக்காது. வித்துருங்க மேடம்." அதோட விட்டானா? என் காலப் பாத்துட்டு, "உங்களுக்கு எதுக்கு இந்த சிரமம்"னான். டை கட்டி உச்சுக் கொட்டுனா அது உச்சு இல்லையா? சாவியப் புடுங்கிக்கிட்டு வந்துட்டேன்.

என் தம்பி திருமேனி ஒருத்தன் இருக்கான், திருநவேலியில. அவனும் அதேதான். "வித்துருக்கா, ஆட்டோவுக்குச் சொல்லி வச்சுக்க"ன்னு போன் போடும்போதெல்லாம் சொல்லுவான். ஆட்டோவுல என் காலத் தூக்கி வைக்கிறது யாரு, அவனா வருவான்? நான் விக்கல. டிக்கியில எண்ணெய்க் கேன வச்சுக்கிட்டு, எங்க யோசிக்குதோ அங்க நிறுத்தி நானே ஊத்தி ஊத்தி ஓட்டுனேன். ரோட்டோரம் ஒத்தக் கால்ல சாஞ்சு நின்னு ஊத்துவேன். இவுக பக்கத்துல நின்னு குடை புடிப்பாக. எண்ணெய் என்ன கலருன்னு எட்டிப் பாத்துருக்கலாம்ல? பாக்க மாட்டாக. ரோட்டுல போற வண்டிய வேடிக்க பாப்பாக.

என்ன? என்ன சொன்னாக? "நீ புனலையும் கேனையும் மறைச்சுக்கிட்டு, தள்ளி நில்லுங்கன்னு சொல்லுவ"ன்னா? பாத்தியா ஜெபஸ்டின், இப்ப வாய் வருது. இத்தன நாள் எங்க போச்சு இந்த வாயி?

இன்னிக்குத் திருமேனி புது வீடு பால் காய்ச்சுறான். எல்லாரும் ஒரு வேன்ல வாங்கன்னான். முடியாதுன்னுட்டேன். நான் என் காருலதான் வருவேன், நானே ஓட்டிக்கிட்டு வருவேன், உன் வாசல்ல நானே எறங்குவேன்னு சொன்னேன். அந்த வீம்புதான் அவன் வீட்டுக்குக் குடுக்க வாங்குன இந்த வெளக்க மடியில வச்சுக்கிட்டு இப்ப உன் வண்டியில போகுது. கயத்தாறு தாண்டல. காரு கெடந்து கத்துது, நகரல. கேன்ல இருந்தத ஊத்தியும் நகரல. சொந்தக்காரவுக வேன் எங்களத் தாண்டித்தான் போச்சு. நிறுத்துனாக. சன்னல் சன்னலா மொகம். உச்சு, உச்சு, உச்சு. போங்கன்னு கையக் காட்டிட்டேன்.

திருமேனிக்குப் போன் போட்டேன். "தம்பி, நடுரோட்டுல நிக்கேன்"னு சொன்னேன். அவன் மொத வார்த்த என்ன தெரியுமா? "நான் அப்பவே சொன்னேன்ல." வெயில்ல நிக்காளே, தண்ணி குடிச்சாளா, கால் வலிக்குதான்னு ஒரு கேள்வி இல்ல. "நான் அப்பவே சொன்னேன்ல." இந்த வார்த்தையக் கண்டுபுடிச்சவன செருப்பால அடிக்கணும் ஜெபஸ்டின். விழுந்து கெடக்கிறவகிட்ட வந்து, நான் ஜெயிச்சுட்டேன்னு சொல்லுற வார்த்த அது. போன அமத்திட்டேன். இனிமே அவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்.

அப்புறந்தான் நீ வந்த. மிச்சத்த நீயே பாத்த. சங்கிலி மாட்டணும்னு காரு மூக்குக்கடியில படுத்தேல்ல? படுத்துக்கிட்டே "அம்மா, இங்க பாருங்க"ன்னு சொன்ன. ரேடியேட்டர் பக்கத்துல, கியர்பாக்சுல இருந்து வர்ற ரப்பர் ஓஸு, அது மாட்டுற எடத்துல வெடிச்சு, கசிஞ்சு சொட்டுதுன்னு கைய நீட்டிக் காட்டுன. வெரலெல்லாம் செவப்பு. அவ்வளவுதானாடான்னு எனக்கு மயக்கமே வந்துருச்சு. ஒரு சாண் ரப்பரு! அதுக்கா கியர்பாக்ச எறக்கு, காரை வில்லுங்கான்?

அப்பத்தான் இவுக உன் வெரலப் புடிச்சு மோந்து பாத்தாக, நீ கவனிச்சியா? மோந்து பாத்துட்டு மொகம் வெளுத்துப் போச்சு. "இது காரு எண்ணெயா? காரு எண்ணெய் கருப்பால்ல இருக்கும்?"ன்னாக. ஏன் கேக்கீகன்னேன். "இது நம்ம வாசல்ல தெனமும் கெடக்கும்ல"ன்னாக.

தெனமும் கெடக்குமாம்! கேட்டியா! ஆடியில இருந்து தெனமும் காலைல காரு மூக்குக்கடியில செவப்பா எண்ணெய் கெடந்துருக்கு. இவுக மம்பட்டிய எடுத்து அந்த மண்ணச் செரைச்சு எடுத்து, முள்ளுக்காட்டுல கொட்டிட்டு, புது மண்ணப் போட்டு, சாணி தெளிச்சு, மேல கோலமும் போட்டு வச்சிருக்காக. நான் வந்து பாத்து, ஆகா என் வாசல் மாதிரி உண்டான்னு பெருமப்பட்டிருக்கேன். அந்த வேட்டி? அதுல பெரிய வட்டமா செவப்பு விழுந்துருக்கு. பாத்ததும் பயந்துட்டாகளாம். கொண்டு போயிக் கொல்லையில எரிச்சுட்டு, பீரோவுல இருந்து இன்னொரு பழைய வேட்டிய எடுத்து அதே எடத்துல விரிச்சுட்டாக. பவுன்ராஜு கேட்டான் பாரு, யாராவது தொடச்சு வைக்காகளான்னு. அந்தப் பய சரியாத்தான் கேட்டிருக்கான்.

ஏன் செஞ்சாகன்னுதான கேக்க? செய்வினைன்னு நெனச்சாகளாம். எதிர்வீட்டுக்காரி தங்கபுஷ்பம் விளக்கெண்ணெயில குங்குமத்தக் கொழச்சு நம்ம காருக்கடியில ஊத்துறான்னு நெனச்சாகளாம். மொத மொத பாத்தது ஆடி அமாவாசை அன்னிக்கு. போதாதா?

அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதுக்கு முந்தின வாரந்தான் தங்கபுஷ்பத்தோட மருமக, பெறந்த பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தா. அவள வாசல்ல நிறுத்தி மாமியாக்காரி ஆரத்தி சுத்தி, அந்தச் செவப்புத் தண்ணிய வீசி ஊத்துனா, அது ஓடி வந்து என் கார் டயருல நின்னுச்சு. திருஷ்டி கழிச்ச தண்ணிய என் வாசல்ல விடலாமா? நான் நாலு வார்த்த கேட்டேன். நாலே வார்த்தைதான். பச்சப்பிள்ள முழிச்சு அழுதுருச்சு, தெரு கூடிருச்சு, அவ மகன் வேலைக்குப் போகாம லீவு போட்டுட்டான், போலீசு ஏட்டு ஒருத்தர் வந்து ரெண்டு பேரையும் உள்ள போகச் சொன்னாரு. அதெல்லாம் ஒரு சண்டையா? எனக்கு மறந்தே போச்சு. ஆனா இவுக அத மனசுல வச்சுக்கிட்டு, அவதான் பழி வாங்குதான்னு முடிவு பண்ணிட்டாக.

சரி, அப்பிடியே நெனச்சீக. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான? நீ சங்கிலி மாட்டிக்கிட்டு இருக்கும்போது நான் கேட்டேன்ல, காதுல விழுந்துச்சா? ஏன் சொல்லலன்னு கேட்டேன். "சொன்னா நீ சண்டைக்குப் போவ"ன்னாக.

நானா? நான் சண்டைக்குப் போவேனா? நீ சொல்லு, வந்ததுல இருந்து பாக்கேல்ல, நான் சண்ட போடுற ஆளா? செய்வினை வச்சவகிட்ட போயி, ஏம்மா வச்சன்னு கேப்பேன். கேக்கக் கூடாதா? அவ மகன் பைக்க எடுத்துப் போட்டு ஒடச்சிருப்பேன், அது வேற விஷயம். ஆனா செவப்பா எண்ணெய் கெடக்குன்னு என் காதுல ஒரு சொல்லு விழுந்திருந்தா, அன்னிக்கே பவுன்ராஜு ஓஸ மாத்தியிருப்பான். நான் இன்னிக்கு இந்நேரம் திருமேனி வாசல்ல காரை நிறுத்தி, சாவிய வெரல்ல சுத்திக்கிட்டு எறங்கியிருப்பேன். எல்லாம் போச்சு. என்னைய யாரும் கெடுக்கல ஜெபஸ்டின், என் வாசலச் சுத்தமா வச்சே கெடுத்துட்டாக.

நேரா பவுன்ராஜு பட்டறைக்கே விடு. வேற எவன்கிட்டயும் போக வேண்டாம். அவன்கிட்ட மன்னிப்பு கின்னிப்பெல்லாம் நான் கேக்க மாட்டேன், சொல்லிட்டேன். இவுக எறங்கிப் போயிச் சொல்லட்டும், நான்தான் தொடச்சேன்னு. இந்தக் குத்துவெளக்க வேணும்னா அவன் பட்டறைக்கே குடுத்துட்டு வரட்டும், ஏத்திக் கும்புடுவான். நான் வண்டியில ஒக்காந்துருப்பேன்.

இதுல ஒண்ணு பாரு. இவுக மட்டும் இல்ல, எங்க வீட்டுல எல்லாருமே இப்பிடித்தான். எதையும் எங்கிட்ட சொல்ல மாட்டாக. பெத்த மக தேன்மொழி, ஓசூர்ல இருக்கா, கம்பெனியில வேலை. அவ எங்கூட முழுசாப் பேசி எம்புட்டு நாளாச்சு தெரியுமா? போன வருசம் உண்டாயிருந்தா. அந்த மேடும் பள்ளமுமான ரோட்டுல ஸ்கூட்டர்ல வேலைக்குப் போகாதடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கல. கலைஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில இருந்து எனக்குத்தான் மொதல்ல போன் பண்ணா. அழுதா. நான் என்ன சொன்னேன்? "ஸ்கூட்டர்ல போகாதன்னு நான் அப்பவே சொன்னேன்ல"ன்னேன். பெத்தவ சொல்லாம வேற யாரு சொல்லுவா? அதுக்கு என்ன, அன்னில இருந்து அப்பாவுக்குத்தான் போன். இவுக போனத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிருவாக. எறங்கி வந்ததும் என்ன சொன்னான்னு கேட்டா, "நல்லாருக்காளாம்." எப்ப கேட்டாலும் "நல்லாருக்காளாம்." வாசல் மாதிரியே. சுத்தமா, ஒரு கறை இல்லாம.

என்னங்க.

இந்தா, உங்களத்தான். பேச மாட்டேன்னு சொன்னேன், இப்பக் கேக்கேன். வேற என்னத்தையெல்லாம் இப்பிடிக் கழுவித் தெளிச்சு வச்சிருக்கீக? எங்கிட்ட சொல்லாம வேற என்ன இருக்கு? சொல்லுங்க. நான் சத்தம் போட மாட்டேன். இந்தப் பையனச் சாட்சியா வச்சுச் சொல்லுதேன், சத்தமே போட மாட்டேன். வெளக்கையே என்னத்தப் பாக்கீக, வாயத் தொறந்து சொல்லுங்கன்னா!

எது?

திரும்பச் சொல்லுங்க.

அஞ்சு மாசமா?

ஜெபஸ்டின், இவுக சொன்னது உனக்கும் கேட்டுச்சா? தேனு மாசமா இருக்காளாம். அஞ்சு நடக்குதாம். வயிறு தெரியுதாம். இவுகளுக்கு போட்டோ அனுப்பியிருக்காளாம். "அம்மாகிட்ட சொல்லிராதீகப்பா, இந்தத் தடவ பிள்ள நல்லபடியா பொறக்கட்டும், அதுக்கப்புறம் சொல்லிக்கிடலாம்"னு சொன்னாளாம். எங்கிட்ட சொல்லக் கூடாதாம். நான் எதிர்வீட்டுக்காரியா? நான் செய்வினை வைக்கிறவளா?

இல்ல. நான் சத்தம் போடல. போடலன்னு சொல்லுதேன்ல. அந்தத் தண்ணி பாட்டில எடு தம்பி.

இன்னும் ஸ்கூட்டர்லதான் வேலைக்குப் போறாளா? இல்ல, விடுங்க. நான் கேக்கல. அதக் கேக்கவே இல்ல. கம்பெனி பஸ்சா? சரி.

ஓசூருக்கு எம்புட்டு நேரமாகும் ஜெபஸ்டின், கார்ல போனா? ஓஸு மாத்திட்டா அம்புட்டு தூரம் ஓடும்ல? ஓடும். பவுன்ராஜு நல்லாத்தான் மாட்டுவான், நல்ல வேலக்காரன். நானே ஓட்டிக்கிட்டுப் போயிருவேன். போயி எதுவும் பேச மாட்டேன், ஒரு ஓரமா ஒக்காந்து, அவ வயித்தப் பாத்துட்டு வந்துருவேன். அதுக்கும் அவ வரச் சொல்லணும்ல. கேட்டா என்ன சொல்லுவாளோ. அம்மா வந்தா கத்துவான்னு சொல்லுவா.

இந்தாங்க, அந்த வெளக்க எங்கிட்ட குடுங்க. உங்க போன எடுங்க. அவளுக்குப் போடுங்க. எப்பவும் போல நீங்களே பேசுங்க, சாப்பிட்டாளா, டாக்டரப் பாத்தாளான்னு கேளுங்க. சத்தத்தக் கூட்டி வைங்க, எனக்குக் கேக்கணும். நான் பக்கத்துல இருக்கேன்னு மட்டும் சொல்லிராதீக.

ஜெபஸ்டின், கொஞ்ச நேரம் ஹாரன் அடிக்காதய்யா.